பாதிப் பணம் ஒரு ரைடருக்கு: நட்சத்திர ஆட்டக்காரரை இறக்குவது எப்போது பலிக்கும்?

2023-ல் புரோ கபடி லீக் ஏலத்தில் பவன் செராவத்தை 2 கோடியே 60.5 லட்சம் ரூபாய்க்குத் தெலுங்கு டைட்டன்ஸ் எடுத்தது. அதுவரை எந்தக் கபடி ஆட்டக்காரருக்கும் அவ்வளவு விலை போனதில்லை. அந்த சீசனில் டைட்டன்ஸ் ஆடிய 22 ஆட்டங்களில் ஜெயித்தது இரண்டே இரண்டு. பட்டியலில் கடைசி இடம்.

இது எப்படி நடக்கும் என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை. நாட்டின் தலைசிறந்த ரைடர்களில், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப்போய்த் தொட்டு வருகிறவர்களில், ஒருவர் அணியில் இருக்கிறார், அவர் புள்ளியும் எடுக்கிறார், அணி மட்டும் தோற்றுக்கொண்டே இருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில், தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, கபடி ஆடுகிற ஊர்களில் இதே கேள்வி வேறு அளவில் வருகிறது. தொடர் போட்டி நோட்டீஸ் வந்ததும், "வெளியூர்ல இருந்து ஒரு நல்ல ரைடரை இறக்கிட்டா கப்பு நமக்குத்தான்" என்று ஒருவராவது சொல்லுவார். வசூலான பணத்தில் பெரும்பகுதி அந்த ஒருவருக்குப் போகும். சில சமயம் கப்பு வரும், பல சமயம் வராது. ஏன் என்பதைக் கபடியின் அடிப்படை விதிகளிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

புள்ளி எங்கிருந்து வருகிறது

பார்த்துப் பழகியவர்களுக்கும் இந்தக் கணக்கு முழுதாகப் பிடிபடுவதில்லை. அதனால் முதலிலிருந்து வருவோம்.

1. ஒரு அணிக்குக் களத்தில் ஏழு பேர். இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒரு ரைடுக்கு 30 விநாடி. முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டால் 40 நிமிடத்தில் 80 ரைடு, அதாவது அணிக்கு 40.

2. பாடிப்போகிறவர் தொட்டுவிட்டுத் திரும்பினால், தொட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. எதிரில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஒரு போனஸ் புள்ளி.

3. அவரைப் பிடித்துவிட்டால் பிடித்த அணிக்கு ஒரு புள்ளி. பிடிக்கும்போது களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி.

4. ஓர் அணியில் எல்லாரும் வெளியே போனால் ஆல் அவுட். எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி, வெளியே போன ஏழு பேரும் திரும்ப உள்ளே.

5. ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரைடில் புள்ளி இல்லாமல் திரும்பினால் மூன்றாவது ரைடு வாழ்வா சாவா. புள்ளி எடுக்காவிட்டால் போனவர் அவுட்.

இதில் ரைடரின் பெயர்தான் திரையில் வரும். பத்துப் புள்ளி எடுத்தால் 'சூப்பர் 10' என்று அறிவிப்பார்கள். ஆனால் ஆட்டத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த ஐந்து விதிகளுக்கும் அடியில் இருக்கும் ஆறாவது விதி: வெளியே போனவர் எப்படித் திரும்பி வருகிறார் என்பது.

வெளியே உட்காரும் நேரம்

கிரிக்கெட்டில் அவுட்டானால் போனதுதான். கபடியில் அப்படியில்லை. தன் அணி தொட்டு எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும், பிடித்து எடுக்கும் புள்ளிக்கும், வெளியே இருப்பவர்களில் ஒருவர் உள்ளே வருகிறார். எந்த வரிசையில் போனார்களோ அதே வரிசையில்தான் திரும்ப முடியும். போனஸ் புள்ளிக்கு யாரும் உள்ளே வர முடியாது.

நட்சத்திர ரைடர் அவுட்டானதும் நடப்பதை இப்போது பாருங்கள். ஆல் அவுட் ஆகாமல் அவரைத் திரும்பக் கொண்டுவர முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, இரண்டாவது ரைடர் போய் யாரையாவது தொட வேண்டும். இல்லையென்றால் டிஃபென்ஸ் எதிரணி ரைடரைப் பிடிக்க வேண்டும். இரண்டுமே அவர் கையில் இல்லை. தனக்கு முன்னால் இரண்டு பேர் வெளியே இருந்தால் அந்த இருவரும் உள்ளே போனபிறகுதான் அவர் முறை. இரண்டு கோடி ரூபாய் ஆட்டக்காரர் கோட்டுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ரைடு ஒன்று, எதிரணி ரைடு ஒன்று, சேர்ந்து ஒரு நிமிடம். நம் ரைடுகளில் பாதிக்கு நட்சத்திரம் போகிறார் என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரைடு. நாலு ரைடுக்கு ஒருமுறை பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு முறையும் எட்டு நிமிடம் களத்தில் இருந்துவிட்டு அவுட் ஆகிறார்.

- டிஃபென்ஸ் கெட்டியான அணியில் அவர் ஒன்றரை நிமிடத்தில் திரும்பிவிடுகிறார். 40 நிமிட ஆட்டத்தில் சுமார் 34 நிமிடம் களத்தில் இருக்கிறார், 17 ரைடு போகிறார்.
- டிஃபென்ஸ் ஓட்டையான அணியில் திரும்ப ஐந்து நிமிடம் ஆகிறது. சுமார் 25 நிமிடம்தான் களத்தில், 12 ரைடுதான்.

அதே ஆள், அதே திறமை, அதே கால். ஐந்து ரைடு காணாமல் போய்விட்டது. அது மட்டுமா? அவர் இல்லாத பதினைந்து நிமிடம் முழுக்க இரண்டாவது, மூன்றாவது ரைடர் தலையில் விழுகிறது. அவர்களும் பிடிபட, களத்தில் ஆள் குறைய, ஆல் அவுட் வந்து சேரும். நட்சத்திரம் எடுத்த பத்துப் புள்ளியில் நாலை இரண்டு ஆல் அவுட்டே தின்றுவிடும்.

ஆக, ரைடரின் மதிப்பு அவரிடம் மட்டும் இல்லை. அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவருகிறவர்களிடமும் இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் நின்று பிடிக்கும் இடது கார்னர், வலது கார்னர், அவர்களை ஒட்டி நிற்கும் கவர் இருவர், இந்த நாலு பேர்தான் நட்சத்திர ரைடரின் ஆயுள். கபடியைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏலக் கணக்கு

கால்பந்திலோ அமெரிக்கக் கூடைப்பந்திலோ போல நடு சீசனில் ஆளைக் கொடுத்து ஆளை வாங்கும் வழக்கம் புரோ கபடியில் இல்லை. முக்கியமான சந்தை ஏலம்தான். 2023 ஏலத்தில் ஓர் அணி மொத்த ஆட்டக்காரர்களுக்கும் செலவழிக்க 5 கோடி ரூபாய் உச்சவரம்பு. அணியில் குறைந்தது 18 பேர் வேண்டும். பழைய ஆளை விட்டுவிட்டாலும், வேறு அணி கேட்ட கடைசி விலையைக் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஃபைனல் பிட் மேட்ச் என்று அதைச் சொல்கிறார்கள்.

உச்சவரம்பு இல்லாத ஆட்டத்தில் பணக்கார அணி நட்சத்திரத்தையும் வாங்கலாம், கார்னரையும் வாங்கலாம். இங்கே அது முடியாது. 5 கோடியில் 2 கோடியே 60.5 லட்சம் ஒருவருக்குப் போனால், மிச்சம் 2 கோடியே 39.5 லட்சத்தில் குறைந்தது 17 பேர். ஆளுக்குச் சராசரி 14 லட்சம். அந்த விலைக்கு இளம் ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள், சிலர் நன்றாகவும் வருவார்கள். ஆனால் சோதித்துப் பார்த்த இரண்டு கார்னரையும் ஒரு கவரையும் அந்த விலைக்கு எடுக்க முடியாது. நட்சத்திரத்தின் உண்மையான விலை அந்த 2 கோடியே 60 லட்சம் மட்டுமல்ல. அவருக்காக வாங்க முடியாமல் போன டிஃபென்ஸும் அதில் சேர்த்தி. முன் பகுதியில் பார்த்தபடி, அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டியவர்கள் அவர்கள்தான்.

வருடவாரியாகப் பார்த்தால்

2018 முதல் 2024 வரை ஒவ்வொரு ஏலத்திலும் அதிக விலை போன ரைடரின் அணி என்ன ஆனது?

1. 2018: மோனு கோயத், 1 கோடியே 51 லட்சம், ஹரியானா ஸ்டீலர்ஸ். தன் பிரிவில் கடைசி.

2. 2019: சித்தார்த் தேசாய், 1 கோடியே 45 லட்சம், தெலுங்கு டைட்டன்ஸ். பன்னிரண்டு அணிகளில் பதினொன்றாவது.

3. 2021: பர்தீப் நர்வால், 1 கோடியே 65 லட்சம், யு.பி. யோதா. அரையிறுதி வரை.

4. 2022: பவன் செராவத், 2 கோடியே 26 லட்சம், தமிழ் தலைவாஸ். முதல் ஆட்டத்திலேயே காயம். அணி அரையிறுதி வரை.

5. 2023: மீண்டும் பவன், தெலுங்கு டைட்டன்ஸ், கடைசி இடம்.

6. 2024: சச்சின் தன்வர், 2 கோடியே 15 லட்சம், தமிழ் தலைவாஸ். ஒன்பதாவது.

ஆறு சீசனில் ஒரு கோப்பைகூட இல்லை. இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஏலத்தில் அள்ளிக் கொடுக்கும் அணிகள் பலவும் ஏற்கெனவே பலவீனமானவை, அதனால்தான் அள்ளிக் கொடுக்கின்றன. ஆனாலும் இந்த வரிசையில் மூன்றாவதும் நான்காவதும் நின்று பார்க்க வேண்டியவை.

பர்தீப்பின் கதையை எடுத்துக்கொள்வோம். பாட்னா பைரேட்ஸ் தொடர்ந்து மூன்று கோப்பை வாங்கியபோது அவர்தான் அதன் முகம். 2017-ல் ஒரே சீசனில் 369 ரைடு புள்ளி எடுத்தார். 2019-ல் மறுபடியும் 300-ஐத் தாண்டினார். ஆனால் அந்த 2019-ல் பாட்னா எட்டாவது இடத்தில் முடித்தது, பிளே-ஆஃப் கூட இல்லை. அடுத்த ஏலத்தில் அவரை விட்டுவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். விட்ட அந்த சீசனில் பாட்னா புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்து இறுதிப் போட்டி வரை போனது, தபாங் டெல்லியிடம் 37-36 என்று ஒரே புள்ளியில் தோற்றது. என்ன மாறியது? ஈரானிலிருந்து வந்த முகமத்ரேசா ஷாட்லூயி என்ற இளைஞர் இடது கார்னரில் நின்றார். ரைடு சுமையைப் பலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவரைப் பிடித்தால் அணியே நின்றுபோகும் என்ற நிலை போனது.

இன்னொன்று நம்முடையது. 2022-ல் தலைவாஸ் ஏலப் பணத்தில் பாதியைப் பவனுக்குக் கொடுத்தது. முதல் ஆட்டத்தில் எதிரணி ரைடரைப் பிடிக்கப்போய் முழங்காலில் அடிபட்டு அவர் சீசன் முழுக்க வெளியே. அடுத்த சில ஆட்டங்களில் அணி தடுமாறியது, பயிற்சியாளர் மாறினார். அப்புறம் நரேந்தர் என்ற அறிமுக ரைடர் 243 ரைடு புள்ளி எடுத்தார். சாகர், சாஹில் குலியா என்ற இரண்டு கார்னரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது, புனேரி பல்டனிடம் 39-37 என்று தோற்றது. பவன் இருந்திருந்தால் இன்னும் மேலே போயிருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அணியை அரையிறுதிவரை தூக்கிச் சென்றது ஏலத்தில் பெரிய விலை போகாத கை கால்கள்தான். அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்று யோசித்தால் இது இன்னும் விளங்கும். 2017-ல் அஜய் தாகூர் 200 புள்ளிக்கு மேல் எடுத்தும் தலைவாஸ் தன் பிரிவில் கடைசி. 2019-ல் அஜய் தாகூர், ராகுல் சவுத்ரி, மஞ்சித் சில்லர் என்று பெரிய பெயர்களாக அடுக்கியும் பன்னிரண்டு அணிகளில் கடைசி.

விலையும் நிலைப்பதில்லை. 2023-ல் 2 கோடியே 60.5 லட்சம் போன பவன் அடுத்த வருடம் 1 கோடியே 72.5 லட்சம், 2025-ல் 59.5 லட்சம். ரைடரின் கால் வேகம் சீக்கிரம் தேயும். முழங்காலும் கணுக்காலும் ஒவ்வொரு ரைடிலும் அடி வாங்குகின்றன. உச்ச விலைக்கு வாங்குகிறவர் பெரும்பாலும் உச்சத்தைத் தாண்டிய ஆளைத்தான் வாங்குகிறார்.

அப்படியானால் நட்சத்திரமே வேண்டாமா?

வேண்டும். ரைடர் இல்லாமல் யாரும் கோப்பை வாங்கியதில்லை. 2018 இறுதிப் போட்டியில் இதே பவன் தனி ஆளாக 22 புள்ளி எடுத்து பெங்களூரு புல்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2022-ல் ஜெய்ப்பூர் ஜெயித்தபோது அர்ஜுன் தேஷ்வால்தான் அந்த சீசனின் முதல் ரைடர். 2025-ல் கோப்பை வாங்கிய தபாங் டெல்லியின் கேப்டன் அஷு மாலிக் ரைடர்தான், 1 கோடியே 90 லட்சம் விலை.

இந்த அணிகளை அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, நட்சத்திரம் அங்கேயே வளர்ந்தவர் அல்லது உச்ச விலைக்கு முன்பே எடுக்கப்பட்டவர். டெல்லியின் முதல் கோப்பையில் முன்னால் நின்ற நவீன் குமார் இளம் ஆட்டக்காரர் திட்டத்தில் வந்தவர். இரண்டு, பின்னால் ஒரு டிஃபென்ஸ் தயாராக இருந்தது. ஜெய்ப்பூரில் அர்ஜுனுக்குப் பின்னால் அங்குஷும் சாகுல் குமாரும் சுனில் குமாரும் நின்றார்கள். டெல்லியில் அஷுவுக்குப் பின்னால் ஃபசல் அத்ராச்சலி இருந்தார். 2023-ல் புனே, 2024-ல் ஹரியானா என்று அடுத்தடுத்து ஜெயித்த இரண்டு அணிகளிலும் பெரும் விலை கொடுத்து எடுக்கப்பட்டவர் ரைடர் இல்லை. ஷாட்லூயி என்ற அதே கார்னர்தான். புனே அவருக்கு 2 கோடியே 35 லட்சம் கொடுத்தது, ஹரியானா 2 கோடியே 7 லட்சம். புனே அணியின் கவரில் நம் தமிழ்நாட்டு அபினேஷ் நடராஜனும் இருந்தார்.

பெரும்பணத்தை ஒருவருக்குக் கொட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதைக் கார்னருக்குக் கொட்டலாம் என்பது என் கருத்து. காரணம் விதியிலேயே இருக்கிறது. ரைடர் பிடிபட்டால் வெளியே போகிறார். கார்னர் வெற்றிகரமாகப் பிடித்தால் உள்ளேயே இருக்கிறார், எதிரணியின் ரைடரை வெளியே அனுப்புகிறார், நம்மாள் ஒருவரை உள்ளே கூட்டிவருகிறார். ஒரே பிடியில் மூன்று வேலை நடக்கிறது.

கூடைப்பந்தில் நடந்த ஒன்று

இது கபடிக்கு மட்டுமான விஷயமா என்று கேட்டால், இல்லை. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் மில்வாக்கி பக்ஸ் 2021-ல் சாம்பியன். அந்த அணியில் ஜூரூ ஹாலிடே என்ற தடுப்பாட்டக்காரர் எதிரணியின் முதன்மை ஆட்டக்காரரை ஒட்டியே நின்று மூச்சுத் திணறவைப்பார். 2023 செப்டம்பரில் டேமியன் லில்லார்டு என்ற பெரிய ஸ்கோரரை வாங்குவதற்காக பக்ஸ் ஹாலிடேயைக் கொடுத்தது. ஹாலிடேயைப் பெற்ற போர்ட்லாண்ட் அணி சில நாளில் அவரை பாஸ்டனுக்கு மாற்றிவிட்டது. 2024 கோப்பை பாஸ்டனுக்கு. பக்ஸ் 2024-லும் 2025-லும் பிளே-ஆஃபின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2025 ஏப்ரலில் லில்லார்டுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது, ஜூலையில் அணி அவரை விடுவித்துவிட்டது. அவருக்குத் தரவேண்டிய சம்பளம் அதன்பிறகும் பல வருடத்துக்குப் பக்ஸின் கணக்கில் விழுகிறது.

லில்லார்டு மோசமாக ஆடவில்லை. புள்ளி எடுக்கத்தான் வந்தார், எடுத்தார். கொடுத்த பொருள்தான் தப்பு. அங்கே சம்பள உச்சவரம்பு விதிகள் சிக்கலானவை, அதற்குள் போக வேண்டியதில்லை. வரம்பு இருக்கும் ஆட்டத்தில் புள்ளி எடுப்பவரை வாங்கத் தடுப்பவரைக் கொடுத்தால் எதிரணிதான் பலமாகும், அவ்வளவுதான்.

நம் மணலில் கணக்கு மாறும் இடங்கள்

சரி, ஊர் அணிக்கு வருவோம். புரோ கபடியின் பாடம் அப்படியே இங்கே பொருந்தாது. நாலு இடத்தில் மாறுகிறது.

முதலாவது, போட்டியின் வடிவம். லீகில் 22 ஆட்டம் ஆட வேண்டும், பலவீனம் எப்படியும் வெளியே வரும். ஊரில் இரவு விளக்கு போட்டு நடக்கும் நாக்-அவுட்டில் மூன்று நாலு ஆட்டம் ஜெயித்தால் கப்பு. ஓர் இரவுக்கு ஒருவர் வெறி பிடித்தாற்போல் ஆடினாலே போதும். அதனால் ஒரே ஒரு போட்டிக்கு வெளியாளை இறக்குவதை முழு மூடத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, அதே இரவின் மறுபக்கம். நாலு ஆட்டமும் ஒரே இரவில். நம்மாட்கள் எல்லா ரைடையும் அவரையே போகச் சொன்னால் இறுதி ஆட்டம் வருவதற்குள் அவர் நாற்பது ஐம்பது ரைடு போயிருப்பார். நள்ளிரவு தாண்டி இறுதி ஆட்டம் தொடங்கும்போது அவர் காலில் எதுவும் மிச்சம் இருக்காது. கப்பு கைநழுவும் இறுதி ஆட்டங்கள் பலவற்றில் இதுதான் காரணம். முதல் இரண்டு ஆட்டத்தை உள்ளூர் ரைடர்களை வைத்து ஓட்ட முடியாத அணி, வெளியாளை வைத்தும் கடைசி ஆட்டத்தை ஓட்ட முடியாது.

மூன்றாவது, தரை. மேட் எனும் விரிப்பில் ஷூ போட்டு ஆடிப் பழகியவருக்கு நம் கடற்கரை மணல் வேறு உலகம். விரிப்பில் காலை ஊன்றித் திரும்பும் வேகம் மணலில் வராது, கால் உள்ளே வாங்கும். குதித்து டிஃபென்ஸைத் தாண்டும் ரைடருக்கு எழும்பவே பிடிமானம் இருக்காது. உப்புக்காற்று ஈரத்தில் இறுகிய களமாக இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. விரிப்பில் எடுத்த வீடியோவைப் பார்த்து ஆளை இறக்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. மண்ணில் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார் என்று கேளுங்கள்.

நான்காவது, என் மனதுக்கு இதுதான் மிகப் பெரியது. டிஃபென்ஸ் என்பது கூடிப் பழகி வரும் வித்தை. கார்னர் கணுக்காலைப் பிடிக்கும் அதே நொடியில் கவர் மோத வேண்டும், அரை விநாடி பிந்தினால் ரைடர் கோட்டைத் தொட்டுவிடுவார். கைகோத்து நிற்கும் செயின் எப்போது மூட வேண்டும் என்பது கண்ணசைவில் நடக்க வேண்டும். ரைடரை ஒரு ஃபோனில் இறக்கலாம், செயினை இறக்க முடியாது. நம் கடற்கரை ஊர்களில் ஏழு பேரையும் ஒரே சாயங்காலத்தில் களத்துக்குக் கொண்டுவருவது எளிதல்ல. ஒருவர் கடலில், ஒருவர் வலை வேலையில், ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் கல்லூரி விடுதியில்.

ஆனால் வருடத்தில் ஒரு காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், படகில் போகும் இளைஞர்கள் ஊரில் இருப்பார்கள். பள்ளி, கல்லூரி விடுமுறையும் அதையொட்டியே வரும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து அணிகளுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் காலம் கிடைக்காது. தடைக்காலத்தில் வருமானம் குறையும், வேறு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, அது தெரிந்ததுதான். மாலை ஒன்றரை மணி நேரம் போதும். அந்த இரண்டு மாதத்தில் இரண்டு கார்னரும் இரண்டு கவரும் ஒன்றாகப் பழகினால் வருடம் முழுக்க அந்தப் பலன் நிற்கும். வெளியாளுக்குக் கொடுக்கும் ஓர் இரவுப் பணத்தில் அந்தப் பயிற்சிக்கு வேண்டிய முழங்கால் பட்டையும், முட்டை, பால் செலவும் கணிசமாக அடங்கும்.

எப்போது இறக்கலாம்

கமிட்டி கூடிப் பேசும்போது இந்த வரிசையில் யோசிப்பது நல்லது.

1. நம் டிஃபென்ஸ் கடைசியாக ஆடிய சில ஆட்டங்களில் எத்தனை பிடி எடுத்தது? நோட்டில் எழுதி வையுங்கள். ரைடு புள்ளியை எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள், பிடியை யாரும் எழுதி வைப்பதில்லை. பிடி குறைவு என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு கார்னர் தேடலாம்.

2. டிஃபென்ஸ் இருக்கிறது, தோல்வி எல்லாம் மூன்றாவது ரைடில் வருகிறது, வாழ்வா சாவா நேரத்தில் போக ஆளில்லை. அப்படியானால் இறக்கலாம். இங்கேதான் நல்ல ரைடரின் பணத்துக்கு முழுப் பலன். அப்போதும் அவரை எல்லா ரைடுக்கும் அனுப்பாமல் அந்த மூன்றாவது ரைடுக்கு மிச்சம் வையுங்கள்.

3. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது மொத்தப் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள். நூறு ரைடில் எத்தனை முறை பிடிபடாமல் திரும்பினார் என்பதைப் பாருங்கள். பத்துப் புள்ளி எடுத்து ஆறு முறை பிடிபடுகிறவரைவிட, ஏழு புள்ளி எடுத்து இரண்டு முறை பிடிபடுகிறவர் நமக்கு லாபம். எதிரில் மூன்று பேர் நிற்கும்போது அவசரப்பட்டு உள்ளே பாய்கிறவரா என்பதையும் கேட்டு வையுங்கள். சூப்பர் டேக்கிளில் போகும் இரண்டு புள்ளி பல ஆட்டங்களைத் திருப்பியிருக்கிறது.

4. யாருடைய இடத்தில் அவர் நிற்கப்போகிறார்? உள்ளூர் இரண்டாவது ரைடரை உட்காரவைத்து இவரை இறக்கினால், அடுத்த வருடம் அந்தப் பையன் வேறு ஊர் அணிக்கோ செல்போனுக்கோ போய்விடுவான். நரேந்தர் போன்ற ஒருவர் நம் ஊரிலும் வெளியே உட்கார்ந்திருக்கலாம். இறக்குவதானால் இருவரும் களத்தில் இருக்கும்படி இறக்குங்கள்.

5. நோட்டீஸை முழுதாகப் படியுங்கள். வெளியூர் ஆட்டக்காரர் அனுமதி உண்டா, எத்தனை பேர், எடைப் பிரிவு என்ன, ஆதார் அட்டை காட்ட வேண்டுமா. விதி மீறிய ஒருவரால் ஜெயித்த ஆட்டம் பறிபோவதும், அந்தச் சண்டை இரண்டு ஊருக்கு இடையில் நீள்வதும் யாருக்கும் வேண்டாம்.

இவற்றோடு அடிபட்டால் யார் பொறுப்பு என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். வருகிற ரைடர் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பையன். காவல்துறை, ரயில்வே அல்லது ஏதாவது ஒரு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போகும் கனவோடு ஊர் ஊராக ஆடுகிறவன். நம் மணலில் அவன் முழங்கால் போனால் அந்தக் கனவும் போகலாம். பேசிய பணத்தை ஜெயித்தால் முழுசு, தோற்றால் பாதி என்று கொடுப்பது சரியில்லை. பேசியதை முழுதாகக் கொடுங்கள். போட்டி நடக்கும் இடத்தில் முதலுதவிக்கு ஆள் இருக்கிறதா, அங்கிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு இரவில் கொண்டுபோக வண்டி தயாராக இருக்கிறதா, சிகிச்சைச் செலவில் கமிட்டி எவ்வளவு ஏற்கும், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவனிடமும் அவன் வீட்டாரிடமும் காட்டிவிட்டு அப்புறம் தேதி பேசலாம். இதே தாள் உள்ளூர்ப் பையன்கள் ஏழு பேருக்கும் வேண்டும்.